கூரைத் துணியில் சந்தனம்

பழைய வண்டி பார்க்கக் கூப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வண்டி நன்றாக ஓடினால் அது அவர்கள் அதிர்ஷ்டம். நின்று போனால் பழி எனக்கு. திருப்பதியில் மலைக்கு வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நான் சும்மா கிடைத்த மெக்கானிக். அவர்களிலும் அக்கா புருஷனைப் போல என் உயிரை வாங்கியவர் யாருமில்லை.

அப்போதெல்லாம் நகரிப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் குவைத்தில் இருந்தார்கள். மாமா அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவர். லீவில் வந்தவரை அக்கா பிடித்துக்கொண்டாள். இனிமேல் போகக் கூடாது, ஏழெட்டுப் பேர் உட்காருகிற பெரிய வண்டியாகப் பழசில் ஒன்று வாங்கி மலைக்கு ஓட்டிக்கொண்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்றாள். மாமா என்னைக் கைகாட்டினார்.

"மச்சான் பாத்து நல்ல வண்டின்னு சொல்லட்டும். வாங்கிடறேன். அப்புறம் போவமாட்டேன்."

அன்றிலிருந்து அக்கா என் தட்டில் மட்டும் முட்டை வைத்தாள்.

முதல் வண்டியை மாமாவேதான் தேடிப் பிடித்தார். திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். புது பெயிண்ட், புது சீட் உறை. விற்க வந்த புரோக்கர் சிரித்துக்கொண்டே தெலுங்கில், "டாக்டர்காரி பண்டி அண்டி. கொண்ட எக்கலேது" என்றான். டாக்டர் வண்டியாம், மலையே ஏறவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள்.

நான் இஞ்சின் பக்கமே போகவில்லை. பின் கதவைத் திறந்து உள்ளே ஏறி, தலைக்கு மேல் இருக்கும் கூரைத் துணியைப் பார்த்தேன். பின் சீட்டுக்கு நேர் மேலே வட்ட வட்டமாக மஞ்சள் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், போகவில்லை. மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டவர்கள் இறங்கும்போது, வளைவுக்கு வளைவு தலை இடித்த கறை அது. ஜன்னலுக்குக் கீழே கதவைத் தடவினேன். ஜனங்கள் வாந்தி எடுத்து அரித்த இடத்தில் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தேன். பிரேக் மிதி பாதி வரை சும்மா போனது.

"காணிப்பாக்கம் வந்து சாமி முன்னாடி சத்தியம் பண்றேன் சார்" என்று புரோக்கர் தமிழுக்குத் தாவினான். பொய்ச் சத்தியம் பண்ணினவனை அந்தப் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பார்கள்.

"வா, இப்பவே போலாம். இந்த வண்டிலயே போலாம்" என்றேன். அவன் வேறு பக்கம் பார்த்து பீடி பற்ற வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா அக்காவிடம், "உன் தம்பி ஆவாதுன்னுட்டான்" என்றார். குரலில் வருத்தமே இல்லை. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த வண்டியும் அப்படித்தான், அதற்கடுத்ததும். எல்லாம் அவர் தேடிப் பிடித்தவை. வெறுத்துப்போய் நானே அலைந்து சித்தூரில் ஒன்று கண்டுபிடித்தேன். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் மாந்தோப்புக்குப் போய்வர வைத்திருந்தது. கூரைத் துணி சுத்தம். ஆயில் மூடியைத் திறந்தால் புகையில்லை. பிரேக் தொட்டதும் பிடித்தது.

"மாமா, கண்ண மூடிக்கினு எடு" என்றேன்.

அவர் சுற்றி வந்து டயரை உதைத்தார். "கலர் நல்லா இல்லியே மச்சான்."

"பொண்ணா பாக்க வந்தே?"

"இஞ்சின் சத்தமும் ஒரு மாதிரியா கீது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாத்தியார் எதிரில் வேண்டாமென்று மாமாவை டீக்கடைக்கு இழுத்துப் போனேன். அங்கே அவரே சொன்னார், டீயை ஊதிக்கொண்டே.

"போவ வர ரெண்டுத்துக்கும் டிக்கெட்டு போட்டுத்தான் வந்தேன் மச்சான். இங்க குந்திக்கினு இன்னா பண்றது?"

"அப்ப என்ன எதுக்குக் கூட்டிக்கினு சுத்தினே?"

"போறேன்னா உங்க அக்கா வுடமாட்டா. வண்டி சரியில்லன்னு நீ சொன்னா கேட்டுக்குவா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸை அவர் மேல் வீசியிருப்பேன். கடைக்காரர் தெரிந்தவர், அதனால் வைத்துவிட்டு எழுந்தேன்.

மாமா போய்விட்டார். போவதற்கு முன்னால் ஊர் முழுக்க, "மச்சான் கண்ணுக்கு ஒரு வண்டியும் தேறல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டிக்கெட் கதையை அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையே தூக்கவில்லை.

"மொத வண்டியவே நல்லா கீதுன்னு சொல்லியிருக்கலாம் நீ."

"அதுக்கு பிரேக்கே இல்லக்கா. மலை எறங்கசொல்ல உருண்டிருக்கும்."

"உருண்டா இன்னா? இங்கதானே உருண்டிருப்பாரு" என்றாள்.