வெறும் தண்ணிதான்

ஹெப்பகோடியில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடிப் படிக்கட்டுக்குச் சிக்கனமாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். மகளுக்குப் பின்னால் வீராப்பாக ஏறிக்கொண்டிருந்த என்னை அந்த ஈர வாசனை பாதிவழியில் உட்காரவைத்து, ராமேசுவரம் தீவுக்குக் குடும்பமாகப் போன ஒரு கோடை விடுமுறைக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே ஒரு பழைய கலங்கரை விளக்கம். சுண்ணாம்பும் புறா எச்சமும் உப்புக்காற்றும் கலந்த அதன் குளிர்ச்சிக்குள், சங்குக்குள் புகுந்த எறும்புகள்போலச் சுற்றிச்சுற்றி ஏறினோம். ஒவ்வொரு ஜன்னலிலும் கடல் இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தது. கோலார் தங்கச் சுரங்கத்தில் தினமும் பாதாளத்துக்கு இறங்கி ஏறும் அப்பா, நடுவழியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க, பூமிக்குள்ள அவ்ளோ ஆழம் போற ஆளு!" என்று அம்மா சிரித்தாள்.

"அங்க இருட்டு, ஆழம் தெரியாது. இங்க எல்லாம் தெரியுதே."

அம்மாவும் நானும் உச்சிக்குப் போனோம். கடல் இரண்டு நிறமாகப் பிரிந்து கிடந்தது. படகுகள் அரிசிமணிகளாகச் சிதறியிருந்தன. அப்பாவின் குரல் சுவரைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தது.

"இன்னாடா தெரியுது?"

"ஒண்ணுமில்லப்பா, வெறும் தண்ணிதான்!"

"அப்டியா, செரி."

நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அப்பாவும் இல்லை. உயரத்தைக் கண்டால் நடுங்கும் முழங்கால்தான் எனக்கு வந்த பூர்வீகச் சொத்து.

"இன்னாம்மா தெரியுது?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா, வெறும் பில்டிங்தான்!" என்றாள் மகள்.

அந்தியின் சிவப்பு நான் உட்கார்ந்திருந்த படிவரைக்கும் இறங்கி வந்திருந்தது.

"அப்டியா, செரி," என்றேன்.