வெள்ளிக்கிழமை நிற்கும் வண்டி

போன சாரல் காலத்தில், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து நாற்பதுக்கு அது முதலில் நடந்தது. குற்றாலத்திலிருந்து ஐந்தருவி போகும் சாலை. முதலில் என் கண்ணில் பட்டது சிறு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் நனைந்தபடி உட்கார்ந்திருந்த குரங்கு. அது எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றுவிட்டது என்று எனக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் இல்லை.

சாவியைத் திருப்பினேன். இருமியது, பற்றவில்லை. அரை மணி நேரத்துக்கும் மேலாக ஓரத்தில் நின்றோம். பிறகு எதுவுமே நடக்காதது போல ஒரே திருப்பில் கிளம்பியது.

அந்த எஸ்.யூ.வி.யை வாங்கி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. டீசல் வண்டி. என் மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். எங்கள் வீடு தென்காசியை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கிறது. வலி எடுக்கும் நேரத்தில் ஆட்டோவுக்கு அலைய முடியாது என்றுதான் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரு பழைய வண்டியை வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் ஓர் இளைஞர். நேரில் பார்த்ததில்லை. தரகர்தான் எல்லாம் முடித்துக் கொடுத்தார். ஆர்.சி. முறையாக என் பெயருக்கு மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமைப் பயணம் என் மனைவியின் வேண்டுதல். மகளுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறக்கும்வரை வெள்ளிதோறும் ராகு காலத்தில் ஐந்தருவிச் சாலையில் இருக்கும் சின்ன துர்க்கை கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றுவதாக நேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. நான் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து அழைத்துப் போவேன். முதல் சில வாரங்கள் மகளுக்கு முடியாமல் போய், ஆனியில்தான் தொடங்கினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வண்டி நின்றது. அதே சாலை, ஏறக்குறைய அதே நேரம். இந்த முறை ஒரு மணி நேரத்துக்கும் மேல். அன்று நாங்கள் கோயிலை அடைந்தபோது ராகு காலம் முடிந்து நடை சாத்தியிருந்தார்கள்.

நடுவில் இருந்த நாட்களில் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. ஒர்க் ஷாப்பில் விட்டேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு பிழையும் காட்டவில்லை என்றார்கள். ஃபில்டர் மாற்றினார்கள். டீசல் பம்ப் மாற்றினார்கள். ஒரு சென்சார் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டிக் காட்டி, "பாத்தீயளா, எப்படி ஓடுது" என்றார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கிறது என்று நான் சொன்னபோது மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. வண்டிக்குக் கெழம தெரியாது. ஏத்தத்துல நீங்க கிளட்ச்ச விட்டு அமத்திருப்பீய."

தரகருக்கு ஃபோன் செய்தேன். "நல்ல கைக்கு வந்த வண்டி அண்ணாச்சி. வளந்த நாயி வீடு மாறுனா ரெண்டு நா சாப்பிடாதுல்லா, அது மாதிரி. பழகிரும்" என்றார். அடுத்த முறை அவர் எடுக்கவில்லை.

என் மனைவி வண்டியில் எலுமிச்சை கட்டினாள். பிறகு அதற்கும் பயந்து, "அம்மனே வர வேண்டாம்னு சொல்லுதா. வேற எங்கயும் நிக்கல, அவ வாசலுக்குப் போகையிலதான நிக்குது. பிள்ளைக்கு என்னமும் ஆயிருமோ" என்று சாமி அறையில் நின்று அழுதாள். எனக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் குறைவு. ஆனால் மூன்றாவது வெள்ளிக்கிழமையும் நின்றபோது, கதவைத் திறந்து இறங்க எனக்கே மனமில்லை. சாரலில் மரங்கள் இருண்டு கிடந்தன. பகல் பதினொரு மணிக்கு முகப்பு விளக்கு போட்டுக்கொண்டு வண்டிகள் எங்களைக் கடந்து போயின. எஞ்சினைத் தவிர எல்லாம் இயங்கும் ஒரு வண்டிக்குள், யாரோ அனுமதி தருவதற்காகக் காத்திருப்பவர்களைப் போல நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

மகளுக்கு நாள் நெருங்கியது. வலி வந்து, அந்த வண்டியில் ஏற்றி, அது நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். 

நான்காவது வெள்ளிக்கிழமை போக வேண்டாம் என்றேன். மனைவி கேட்கவில்லை. நிறுத்தினால்தான் கெடுதல் என்றாள். மகள் முன் இருக்கையில் இருந்தாள். பின்னால் தூக்கிப் போடுகிறது என்பதால். ஒரு வளைவில் இறங்கும்போது எஞ்சின் அணைந்தது. ஸ்டீயரிங் இரும்பாக இறுகியது. பிரேக்கை ஓங்கி மிதித்தும் பாதிதான் பிடித்தது. கண்ணாடியில் ஒரு பேருந்தின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு கைகளாலும் ஒடித்து ஓரத்து மண்ணில் இறக்கினேன். பேருந்து எங்கள் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"நடுரோட்டுல படுக்கப் போட்டிருக்கீரே, தலகாணி எதுவும் வேணுமா?" என்றவர், முன் இருக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "யம்மா, ஒண்ணும் ஆவலல்லா? தண்ணி குடி. அண்ணாச்சி, பிள்ளைய எறக்கி அங்கன நெழல்ல உக்கார வையும்" என்று தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகள் இறங்கவில்லை. "அப்பா, நிக்கதுக்கு முன்னால என் கால்கிட்ட 'டிக்'னு ஒரு சத்தம் கேக்குது. போன வாரமும் கேட்டுது. திரும்ப ஸ்டார்ட் ஆகுததுக்கு முன்னாலயும் கேக்கும்" என்றாள்.

அவள் காலடியில் படுத்து, ஃபோன் வெளிச்சத்தை டாஷ்போர்டின் அடியில் அடித்தேன். உள்ளே கிளவ் பாக்ஸுக்கு மேல், மற்ற வயர்களோடு வயராகக் கறுப்புத் துணி டேப் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. டேப்பின் இடுக்கில் ஒரு பச்சை வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. அதன் செருகியைப் பிடித்து இழுத்தேன். 'டிக்' என்றது. வெளிச்சம் அணைந்தது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பற்றிக்கொண்டது.

அன்று ராகு காலத்துக்குள் விளக்கு ஏற்றினோம். என் மனைவி வெகு நேரம் கும்பிட்டாள். நான் அந்தப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். வண்டி எங்கே இருக்கிறது என்று ஃபோனில் காட்டும் ஜி.பி.எஸ். கருவி. எஞ்சினுக்குப் போகும் டீசலைத் தூரத்திலிருந்தே நிறுத்தவும் அதில் வழி உண்டு. உள்ளே ஒரு சிம் இருந்தது. பழைய ஃபோன் ஒன்றில் அதைப் போட்டு மேசைமேல் வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அது அடித்தது. வெளிநாட்டு எண்.

"ஏலே, வண்டில பொட்டியக் கழட்டிட்டியா? ஒரு மணி நேரமா ஆள் எங்கன்னே தெரியல" என்றது ஒரு வயதான குரல்.

"நீங்க யாரு பேசுதீய?" என்றேன்.

 அவருக்குப் பின்னால் ஒரு குளிர்சாதன இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"நீங்க யாரு? இது என் மவன் வண்டில கெடக்க சிம்மு. பொட்டி செத்துட்டான்னு பாக்கத்தான் அடிச்சேன்."

விவரம் வெளிவரச் சிறிது நேரம் பிடித்தது. அவர் அச்சன்புதூர்ப் பக்கத்துக்காரர். சவுதியில் வேலை. மனைவி மவுத்தாகி இரண்டு வருடம். ஒரே மகன். ஊரில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்பதால், வண்டி வாங்கிக் கொடுத்தபோதே கருவியையும் மாட்டச் சொல்லி, தன் ஃபோனிலும் மகன் ஃபோனிலும் அதற்கான ஆப்பைப் போட்டிருக்கிறார். மகன் தென்காசியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து அறை எடுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான். வண்டியை விற்றது அவருக்குத் தெரியாது.

"அப்ப ஒம்பது மணிக்கு வேலைக்குப் போயி ஆறு மணிக்குத் திரும்புதது..."

"நான்தான்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம சுந்தரபாண்டியபுரத்துல ஒரு வீட்டுக்குப் போவானே..."

"என் மனைவியோட தங்கச்சி வீடு."

"பொண்ணு எதுவும் பாத்து வச்சிருக்கானோன்னு நெனச்சேன். அவனாச் சொல்லட்டும்னு கேக்காம இருந்தேன்."

பிறகு அவரே சொன்னார். "மத்த நாளெல்லாம் தங்கமான பய. எனக்கு வெள்ளிக்கெழம லீவு. காலைல டீயக் குடிச்சிட்டு ஃபோனப் பாத்தா வண்டி அருவிப் பக்கம் போய்க்கிட்டிருக்கும். சேக்காளியோட குடிச்சிட்டு ஜும்மா தொழுகைய விட்டுருவான்னு நிறுத்திருவேன். கொஞ்ச நேரங் கழிச்சு வுட்டுருவேன். ஊருக்குள்ள திரும்பிரும். 'வாப்பா, பள்ளிவாசலுக்கு வந்துட்டேன்'னு எழுதுவான். வண்டி நின்னுச்சுன்னு ஒரு தடவ கூடச் சொல்லல. அழுத்தக்காரன், திருந்திட்டான்னு நெனச்சேன்."

வண்டிக்குள் நிறைமாதக் கர்ப்பிணி இருந்தாள் என்று சொன்னேன். பேருந்தைப் பற்றியும் சொன்னேன். அவர் "யா அல்லா" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அதற்குப் பிறகு பலமுறை சொன்னார். நான் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதற்கும் இடமில்லாமல் போனது.

கடைசியாக, "அப்ப என் மவன் எங்க இருக்கான்?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் லைனில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அன்று மாலையே தரகரை நேரில் பிடித்தேன். விற்ற கையோடு வெளியூர் போவதாக அந்தப் பையன் சொன்னான் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பையன் தந்தையின் அழைப்பை எடுப்பதில்லை, எழுத்தில்தான் பதில். நான் அலுவலகம் சேர்ந்த சில நிமிடங்களில் 'வேலைக்கு வந்துட்டேன்' என்று வந்திருக்கிறது. நான் வீடு திரும்பியதும் 'ரூமுக்கு வந்துட்டேன்'. அவற்றை அவர் எனக்கு அனுப்பி வைத்தார். ஒவ்வொன்றின் நேரத்தையும் பார்த்தேன். எங்கோ உட்கார்ந்து அவனும் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை அது நிற்கும்போது, ஏன் நிற்கிறது என்று அவரைத் தவிர அறிந்தவன் அவன் ஒருவன்தான்.

எஞ்சினுக்குப் போன வயரை அன்றே வெட்டச் செய்துவிட்டேன். பெட்டியையும் வீசப் போனேன். அவர் மீண்டும் அழைத்தார்.

"அண்ணாச்சி, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். பொட்டி மட்டும் அங்கனயே கெடக்கட்டும். நான் லீவுல வந்து தேடுத வரைக்கும். வண்டி இப்படியே மறைஞ்சு கெடந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குப் புரிஞ்சுரும். அப்புறம் இந்த ரெண்டு வரியும் வராது."

என் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. "பச்சப் பிள்ளைய வச்சிருக்கப் போற வீடு. ரெண்டு பேரு எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி.  மகள்தான், "இருந்துட்டுப் போகட்டும்மா. அவரு வர்ற வரைக்குந்தான" என்றாள். சிம்மைத் திரும்பப் போட்டு, பெட்டியை அதே இடத்தில் செருகினேன். பச்சை வெளிச்சம் எரிந்தது.

அடுத்த புதன்கிழமை விடியும்போது மகளுக்கு வலி எடுத்தது. வண்டி எங்கும் நிற்காமல் தென்காசி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. பெண் குழந்தை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. மகன் அவருக்கு எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தார்: 'வாப்பா, காய்ச்சல். ஆஸ்பத்திரியில இருக்கேன். பயப்படாண்டாம்.' அதன் கீழே அவர் மகனுக்கு எழுதிய பதிலும் இருந்தது: 'ஒடம்பப் பாத்துக்கோ ராசா.' அதற்கும் கீழே எனக்கு ஒரு வரி: 'பிள்ளைக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி?'

அவருக்கு விடுப்பு இன்னும் கிடைக்கவில்லை. நான் இப்போதும் அதே வண்டியில்தான் அலுவலகம் போகிறேன். சாவியைத் திருப்பும்போதெல்லாம், நான் வாழும் நாளை இன்னொருவன் தன்னுடையது என்று எழுதி அனுப்பப் போகிறான், அது பொய் என்று தெரிந்தும் ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்பு ஒரு கணம் வந்து போகிறது.

போன வெள்ளிக்கிழமை பேத்தியை முதல் முறையாக அந்தக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். வண்டி நிற்கவில்லை. திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி பன்னிரண்டரை. சற்று நேரத்தில் சவுதியிலிருந்து, மகன் எழுதியது வந்தது: 'வாப்பா, பள்ளிவாசலுக்கு வந்துட்டேன்.'