முதல் மழையை உள்ளே விடாதவள்

எங்கள் எருசலேமை யார் யாரோ பிடித்தார்கள். பாபிலோன்காரன் வந்தான், ரோமாபுரிக்காரன் வந்தான், அங்கியில் சிலுவை தைத்துக்கொண்டு ஒரு கூட்டம் குதிரையில் வந்தது, அவர்களை விரட்டிக்கொண்டு சலாஹுதீன் வந்தார், கடைசியில் துருக்கி சுல்தானின் ஆட்கள் வந்து சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று மதத்துக்கும் கண்ணுக்குக் கண்ணான ஊர். சரி, வந்தவர்களில் ஒருத்தனாவது கையோடு ஒரு ஆற்றைக் கூட்டிவந்தானா? கிடையாது. ஆறில்லாத மலைமேல் ஊரைக் கட்டிவிட்டு, அதற்காக மூவாயிரம் வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். இங்கே குடித்தனம் செய்த அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துத்தான் வாழ்ந்தார்கள். மாடியில் விழும் மழை மண்குழாய் வழியாக இறங்கி, வீட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்த தொட்டிக்குள் சேரும். அடுத்த மழைக்காலம் வரைக்கும் குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாம் அதுதான்.

யூதர் தெருவில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள் இருந்த ஹாஜி ஷுக்ரியின் வளவில் அந்தத் தொட்டிக்கு அதிகாரி ஜோயா. சுல்தான் முத்திரை போட்டுக் கொடுத்த பதவி இல்லை. ஏழு குடும்பம், ஐந்து யூதக் குடும்பம், இரண்டு முஸ்லிம் குடும்பம், அத்தனை பேரும் வாய்பேசாமல் விட்டுக்கொடுத்த பதவி. நாற்பத்தைந்து வயது விதவை, கட்டை உருவம், தொண்டை மட்டும் கோட்டை வாசல் வரைக்கும் கேட்கும். யாத்திரீகர் விடுதிகளின் துணிகளைத் துவைத்து இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூத வம்சம் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை அவளுடைய மூக்கு. தண்ணீரை மோந்து பார்த்தே அது எந்த வளவுத் தொட்டி, எத்தனை மாதம் நின்றது என்று சொல்லிவிடுவாள்.

மழைக்கு முன்னால், கூடாரப் பண்டிகை முடிந்ததும் வருஷா வருஷம் தொட்டிக்குள் கயிற்றேணியில் இறங்கி சேறு வாருவாள். சேற்றில் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். தேய்ந்த காசு, அம்பு முனை, வண்ணக் கல், ஒருமுறை பித்தளைக் கொக்கி. மேலே ஹாஜியின் மனைவி உம் ராகிப் கூடையை இழுப்பாள். இழுக்கும்போதே தகராறு தொடங்கும்.

"இந்தத் தொட்டிய வெட்டினது எங்க சாலமோன் ராஜா, தெரிஞ்சுக்கோ" என்று ஜோயா அடியிலிருந்து கத்துவாள்.

"உங்க ராஜாவா? அவர் எங்க சுலைமான் நபிடி! ஜின்னுங்கள வெச்சு வெட்டினார். மனுஷன் வெட்டற பாறையா இது?"

"ஜின்னு வெட்டிச்சுன்னா, சேத்தையும் ஜின்னையே வாரச் சொல்லேன். நான் ஏன் இடுப்பொடியணும்?"

யார் வெட்டினால் என்ன, ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினவர்கள்கூட தொட்டியில் மட்டும் கை வைக்கவில்லை. இடித்து முடித்தவனுக்கும் தாகம் எடுக்குமே.

தொட்டியைவிட முக்கியம் குழாய் வாயில் செருகியிருக்கும் அடைப்பு. கம்பளித்துணி சுற்றிய ஒரு கல், அவ்வளவுதான். கோடை முழுக்க மாடியில் தூசி, புறா எச்சம், செத்த பல்லி என்று கண்டதும் கிடக்கும். முதல் மழை அதையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடக்கூடாது. அடைப்பு இருந்தால் அது தெருவுக்கு ஓடிவிடும். மாடி சுத்தமானதும் அடைப்பை எடுக்கவேண்டும். சீக்கிரம் எடுத்தால் வளவே நோயில் படுக்கும், தாமதித்தால் தொட்டி காலி. அந்த நிமிஷம் எது என்பதைச் சொல்வதுதான் ஜோயாவின் மூக்கு. இருபத்திரண்டு வருஷமாக ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பண்டிகைகள் போயின, ஒலிவப் பழம் உதிர்த்து முடித்தார்கள், வானம் வெளுத்தே கிடந்தது. யூதர்களின் விளக்குத் திருநாளில் தேன் உருண்டை பொரித்துக்கொண்டிருந்தபோது தொட்டியில் முழங்கால் அளவு கலங்கல்தான் மிச்சம். திருநாளின் ஐந்தாம் நாள் மத்தியானம், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கொட்டு கொட்டென்று கொட்டியது.

ஜோயா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். முதலில் ஓடிய தண்ணீர் கறுப்பு. பிறகு பழுப்பு. பிறகு கழுநீர் நிறம். வளவின் இன்னொரு யூதக் குடித்தனக்காரன், தகரக்கடை ரஹமீம், நனைந்துகொண்டே மேலே வந்தான்.

"அக்கா, தெறங்க! அரை மணி நேரமா பெய்யுது. தெரு பூரா நம்ம தண்ணிதான் ஓடுது!"

"தெரியும். கண்ணு இருக்கு எனக்கு."

"மாடியப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு!"

ஜோயா குழாய்க்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். "கிட்ட வந்தே, காலை ஒடிச்சுடுவேன். எனக்குத் தெரியாதா எப்போ எடுக்கணும்னு?"

பத்து நிமிஷத்தில் மழை நின்றது, வானத்துக்கே அடைப்பு செருகியதுபோல. மேகம் கிழக்கே மோவாப் மலைப் பக்கம் போயிற்று. ஒரு குடம்கூடத் தொட்டிக்குள் இறங்கவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் சொட்டு மழை இல்லை. கீழே சில்வான் கிராமத்து ஊற்றிலிருந்து ஆட்கள் தோல்பையில் சுமந்து வந்த உப்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். ஜோயாவுக்குத் துவைக்க வழியில்லை, விடுதித் துணிகள் மூட்டையாகவே திரும்பிப் போயின. வளவில் அவளைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். ரஹமீம் மட்டும் நிறுத்தமாட்டான்.

"அக்கா மூக்கப் பாத்துப் பயந்து மேகம் ஜோர்டானுக்கு அந்தப் பக்கம் ஓடிடுச்சு. திரும்பி வருமான்னு கொஞ்சம் மோந்து சொல்லுங்களேன்."

"உன் வாய்க்குத்தான் அடைப்பு செருகணும் முதல்ல."

பதிலுக்குப் பதில் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்குள் தொட்டி நிறையாவிட்டால் அடைப்பை ரஹமீமிடம் கொடுத்துவிடுவதாக ஹாஜி சொல்லி அனுப்பியிருந்தார். ரஹமீம் கையில் போனால் முதல் தூறலிலேயே பிடுங்கிவிடுவான். 

மறுநாள் காலை மாடியில் உம் ராகிப் கம்பளியை உதறிக்கொண்டிருந்தாள். ஜோயா போய் பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ரஹமீம் சொன்னது சரி. தண்ணி நல்லாயிடுச்சு. என் மூக்கு சொல்லிச்சு, எடுடீன்னு. கைதான் எடுக்கல."

உம் ராகிப் கம்பளியை உதறுவதை நிறுத்தினாள். ஏன் கை எடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அடைப்பு உம் ராகிப்பின் மாமியார் அதிகாரத்தில் இருந்தது. முதல் மழை விழுந்த உடனே, "எடுத்துடு, வீணாப் போகுது" என்று மாமியார் சொல்ல, இளம் மருமகளாக இருந்த உம் ராகிப்தான் ஓடிப்போய் எடுத்தாள். பத்தே நாளில் வளவில் பேதி. ஜோயாவின் மூன்று வயது நிஸ்ஸீம் போனான். அதே வாரம் உம் ராகிப்பின் இரண்டு வயது நஜ்லாவும் போனாள். இரண்டு குழந்தைகளும் இரண்டு தாய்களிடமும் பால் குடித்தவர்கள். அன்று முதல் அடைப்பின் பொறுப்பை ஜோயா எடுத்துக்கொண்டாள், யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு பெண்களும் அதன் பிறகு எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள், அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள் ஜோயா. "சரி, பண்ணியாச்சு. இப்போ ஒப்பாரி வெச்சா தொட்டி நெறையாது. மழை வந்து மாடியக் கழுவற வரைக்கும் நாம ஏன் காத்திருக்கணும்? நாமளே கழுவிடுவோம்."

"எந்தத் தண்ணியில?"

"தண்ணி எதுக்கு? தொடைப்பம் இருக்கு, சுண்ணாம்பு இருக்கு, கை இருக்கு."

அவ்வளவுதான், வளவு முழுவதையும் மாடிக்கு ஏற்றிவிட்டாள். திட்டித் திட்டியே ஏற்றினாள். அறைகளுக்கு மேல் எழும்பியிருந்த கும்மட்டக் கூரைகளைச் சுரண்டினார்கள், இடுக்குகளில் இருந்த எச்சத்தைக் கத்தியால் பெயர்த்தார்கள், பிறகு கலங்கல் தண்ணீரில் கரைத்த சுண்ணாம்பை ஒரு கை பூசினார்கள். ரஹமீம் புறாக்களை விரட்டத் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றான். "இந்த ஊர் கோவில்கூட இவ்வளவு சுத்தமா இருந்திருக்காது" என்று முனகினான். வியாழக்கிழமை சாயங்காலம் மாடி பளபளவென்று கிடந்தது. இனி மழை விழுந்தால் பூசின சுண்ணாம்புத் தூள் போக நாலு குடம் வெளியே விட்டால் போதும், உடனே அடைப்பை எடுத்துவிடலாம் என்று ஜோயா அறிவித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேற்கே, கடலோர யாப்பா பக்கம் மேகம் கூடியது. ஜோயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சூரியன் விழுந்தால் ஓய்வுநாள். ஓய்வுநாளில் அவள் அடைப்பைத் தொடக்கூடாது. யாரையும் எடுக்கச் சொல்லவும் கூடாது. இப்போதே எடுத்து வைத்துவிட்டால் சுண்ணாம்புத் தூளும், ராத்திரி வந்து உட்காரும் புறாக்களின் எச்சமும் நேராக உள்ளே போகும். ஹாஜி வைத்த கெடுவும் இன்றோடு முடிகிறது; நாளை ஓய்வுநாள் முடிந்ததும் ரஹமீம் அடைப்பை வாங்க வந்துவிடுவான்.

கையைத் துடைத்துக்கொண்டு உம் ராகிப்பின் கதவைத் தட்டினாள்.

"தொட்டி உன் புருஷன் தொட்டி. தண்ணி உங்க வீட்டுக்கும் வேணும். நாளைக்கு மழை வந்தா உனக்காக நீ எடுத்துக்கற. எனக்காக இல்ல. அதுல எங்க சட்டத்துக்குக் கோவமில்ல."

உம் ராகிப் கதவைப் பாதி சாத்தினாள். "ரஹமீம் வீட்டுக்கு அடுத்த வீடு இருக்கே, அபூ ஸாலிம், அவரும் எங்காளுதானே, அவர்கிட்ட சொல்லு. என் கையில குடுக்காத."

"உன் கையிலதான் குடுப்பேன்."

"ஜோயா, வேணாம்டி. உனக்கே தெரியும் ஏன்னு."

"தெரியும். அதனாலதான்." திரும்பி வந்துவிட்டாள். வீட்டுக்குள் போய் ஓய்வுநாள் விளக்கேற்றி, முகத்தை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மறுநாளைக்காகப் பட்டாணியையும் முட்டையையும் பானையில் போட்டு மூடினது சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

சனிக்கிழமை காலை, யூத ஆண்கள் ஜெபாலயத்துக்குப் போன பிறகு, மழை தொடங்கியது. ஜோயா மாடிக்கு ஏறினபோது உம் ராகிப் ஏற்கனவே குழாய் அருகில் குந்தியிருந்தாள். முக்காடு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் முதலில் பால்போல வெளுத்து ஓடியது. நாலு குடம் ஓடியிருக்கும். பிறகு தெளிந்தது. ஜோயாவுக்கு மூக்கு சொன்னது. வாய் திறக்கவில்லை, திறக்கவும் முடியாது.

உம் ராகிப்பின் கை அடைப்புமேல் இருந்தது. நகரவில்லை. தண்ணீர் தெருவில் விழும் சத்தம் கேட்டது. கீழே யாரோ கதவைத் திறந்து மேலே பார்த்தார்கள்.

"தெளிஞ்சிடுச்சா?" உம் ராகிப் தலையைத் திருப்பிக் கேட்டாள். "எனக்குத் தெரியலடி. அன்னிக்கும் எனக்குத் தெளிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. நீ ஏதாவது சொல்லு."

தெளிந்தது என்று ஜோயா சொன்னால், அதுவே எடுக்கச் சொன்னதாகிவிடும். மழை லேசாகக் குறைந்தது. மேற்கே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போனால் இதுவும் போய்விடும், அடைப்பும் ரஹமீம் கைக்குப் போய்விடும்.

ஜோயா முழங்கால் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். அடைப்பில் இல்லாத அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தாள். அந்தக் கையை ஓடும் தண்ணீரில் காட்டினாள். உள்ளங்கை நிறைந்தது. ஜோயா குனிந்து, உம் ராகிப்பின் கையிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தாள்.

உம் ராகிப் ஓவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அடைப்பைப் பிடுங்கினாள்.

குழாய் ஒருமுறை விக்கியது. அப்புறம் வளவுக்கு அடியில், பாறைக்குள், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஏழு வீட்டுக் கதவும் திறந்தது. மழை மறுபடி வலுத்தது. மாடியில் இரண்டு பெண்களும் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தியின் கையை இன்னொருத்தி விடவில்லை.

"நஜ்லாவுக்கு இப்போ இருபத்துநாலு ஆகியிருக்கும்" என்றாள் ஜோயா.

"நிஸ்ஸீமுக்கு இருபத்தஞ்சு" என்றாள் உம் ராகிப்.