சகலையின் ஹெட்டில் நான் போட்ட ஓட்டை

வரக்கூடாத இடத்திலிருந்து வெளிச்சம் வந்தது. சகலை தன் பைக் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிப் பிடித்து, அதில் காற்று நுழையும் வழியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். ஹெட்டின் வெளிப்புறத்தில் கடுகளவு ஒளி. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை செஞ்சியிலேயே பெரிய எஞ்சின் மேதை நான்தான்.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். அவலூர்பேட்டையில் உரக்கடை. பழைய பைக் பந்தயத்தில் மூன்று முறை கடைசி. "இந்தவாட்டியும் கடைசின்னா வண்டிய வித்துடுவேன் சகலை" என்று சொல்லித்தான், வேகம் கூட்டித் தர ஹெட்டை என் பட்டறையில் வைத்தார். பந்தயத்துக்கு நான்கே நாள். மாற்று ஹெட் கிடையாது.

காற்று தடையில்லாமல் போகிறதா என்று பார்க்க, வீட்டு வேக்குவம் கிளீனரை ஹெட்டோடு இணைத்திருந்தேன். உறிஞ்சலை அளக்க, கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப். தடை குறைந்தால் இரு முனைத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம் குறையும். எட்டு விரல் இருந்தது, காற்று வழியின் மேல்வளைவை வழித்ததும் ஆறு விரலானது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பேராசையில் கீழ்ப்பக்கத்தையும் கிரைண்டரால் சுரண்டினேன். இரண்டே விரல்! பட்டறையில் ஆட்டமே போட்டேன். புது ஓட்டை வழியாக வெளிக்காற்று வருகிறது என்பது மேதைக்கு உறைக்கவில்லை. சகலைக்குத்தான் சந்தேகம் தட்டியது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். படிகளை நினைத்துக் கைவிட்டேன்.

"இன்னாத்துக்கு இப்படிக் குந்திக்கினு இருக்குற? அடைக்க முடியுமா, முடியாதா?" என்றார் சகலை.

"முடியும். ஓட்டத்துல அடைச்சது பேந்து எஞ்சின்குள்ள போச்சுன்னா?"

"போனா நான் பாத்துக்கறேன். நீ அடை, சகலை."

உலோகப் பசையைக் குழைத்து ஓட்டையை அடைத்தோம். கை நடுக்கத்தில் அது சிறு மேடாகவே நின்றுவிட்டது. இரண்டு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அளந்தோம். ஐந்து விரல், ஓட்டை விழுவதற்கு முன்பிருந்ததைவிட ஒரு விரல் குறைவு. டார்ச் அடித்தால் இருட்டு. கீழ்ப்பக்கத்தைத் தோண்டக் கூடாது, உயர்த்த வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. என் நடுக்கத்துக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

பந்தயத்தை நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அந்த வண்டியின் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டேன். பத்துச் சுற்றும் வந்தது. சகலைக்குப் பின்னால் நான்கு பேர்.

வண்டியை அவர் விற்கவில்லை. இப்போது என் பட்டறையில் தண்ணீர் டியூப்புக்குப் பதில் டிஜிட்டல் மீட்டர் வந்துவிட்டது. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் ஹெட்டை என்னிடம்தான் கொண்டுவருகிறார். மேலே மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கும்: "சகலை, கீழ கைய வெக்காத."