நடிகைக்கு விருது, குரலுக்கு ஒரு வரி

முப்பத்தொரு வருஷம் ஒரே நடிகைக்கு வாயாக இருந்தவள் குரலம்மா. ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. திரையில் நடிகையின் தாடை அசைவதற்கு அரை நொடி முன்னாலேயே மூச்சை இழுத்து வைத்துக்கொள்வாள். நடிகை கதறி அழுத படங்களுக்கெல்லாம் தொண்டை கட்டியது இவளுக்குத்தான். படத்தில் பெயர் போட்டார்களா என்று மட்டும் கேட்காதீர்கள், வயிறு எரியும்.

அந்த நடிகைக்கு வாழ்நாள் விருது என்று டிவியில் சொன்னார்கள்.

"நடிச்சே பத்து வருஷமாச்சு. இது வயசானவங்களுக்குக் குடுக்குற ஆறுதல் பரிசு," என்றார் மருமகன்.

"வாயைக் கழுவுங்க மாப்பிள்ளை!" என்று சீறினாள். "அந்தக் கண்ணு அழுததாலதான் நான் அழுதேன். முகத்துல இல்லாததைக் குரல்ல கொண்டுவர முடியுமா? விருது அவங்களுக்குத்தான், முழுசா."

"அப்ப உங்களுக்கு, அத்தை?"

"என் பேரு. அதைக் கேட்டு வாங்காம விடமாட்டேன்."

மறுநாளே விழாக்காரர் வந்து நின்றார். நடிகையின் சொந்தக் குரல் கரகரப்பு. ரசிகர் யாரும் கேட்டதில்லை. சிரித்தும் கையசைத்துமே அத்தனை விழாக்களையும் ஓட்டிவிட்டார். இந்த மேடையில் பேசியே தீர வேண்டுமாம். அதனால் குரலம்மா முன்கூட்டியே பேசிப் பதிவு செய்ய, நடிகை அதற்கு வாயசைப்பாராம். எப்படி இருக்கிறது கதை!

பதிவுக்கு நடிகையும் வந்து கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்தார். குரலம்மா தாளில் இருந்ததை வாசித்து முடித்தாள். பிறகு, தாளில் இல்லாததையும் அதே குரலில் சேர்த்தாள்.

"இத்தனை வருஷம் நீங்க கேட்ட குரல் என்னோடது இல்ல. குரலம்மாவோடது. மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க, பாருங்க."

விழாக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மானமே போயிடும்மா! அந்த வரியை வெட்டிடலாம்."

"வெட்டுங்க. மீதியையும் சேர்த்து வெட்டுங்க. அந்த வரி இல்லன்னா குரலும் இல்ல."

கெஞ்சிப் பார்த்தார், குழைந்து பார்த்தார். அவள் மசியவில்லை. நடிகை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதுதான் குரலம்மாவை அறுத்தது. ஆனாலும் இறங்கிவரவில்லை.

விழா நாளில் சொன்னபடி மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். வரி இருக்குமா, வெட்டியிருப்பார்களா, கடவுளுக்கே வெளிச்சம். நடிகை விருதை வாங்கினார். ஒலிபெருக்கியில் குரல் எழுந்தது. உதடுகள் பிசகாமல் கூடவே ஓடின. நன்றி, வணக்கம் எல்லாம் முடிந்தது.

"இத்தனை வருஷம் நீங்க கேட்ட குரல்..."

நடிகை வாயை இறுக மூடிக்கொண்டார். மைக்கைக் கீழே இறக்கினார். குரல் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது; அவர் கை மட்டும் மூன்றாவது வரிசையை நோக்கி நீண்டது. அரங்கம் மொத்தமும் திரும்பியது.

குரலம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். எழுந்து நின்றாள்.