வீட்டை இழக்கிறவர் போட்ட சாட்சிக் கையெழுத்து

2025 நவம்பர் 27, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால். விடியற்காலையிலிருந்து சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. தேனியில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நானும் என் தங்கையும் ஆட்டோவை விட்டு இறங்கினோம். அவள் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் அவளுடைய உயில்.

அல்லிநகரத்தில் இருக்கிறேன். கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் தூக்கம் வராது. அந்த வாரம் சரிபார்க்கச் சரிபார்க்கத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

தங்கைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மதுரையில் இதய வால்வு அறுவைச் சிகிச்சை. பழைய நோயை மறைத்தாய் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடுமோ என்று முதலில் பயந்தேன். ஐந்து வருடம் விடாமல் பிரீமியம் கட்டியவர்களை, மோசடி என்று நிரூபித்தாலொழிய, அப்படி மறுக்க முடியாது என்று இப்போது விதி வந்திருக்கிறதாம். அனுமதி வந்துவிட்டது. அந்தக் கவலை போன இடத்தில் அடுத்த கவலை வந்து உட்கார்ந்தது. அது வீட்டுக் கவலை.

தங்கை கல்யாணமான நான்காம் வருடமே கணவனைப் பறிகொடுத்தவள். பிள்ளை கிடையாது. தனியார் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து, ஓய்வு பெறும்போது வந்த பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் போட்டுப் பழனிசெட்டிபட்டியில் ஒரு வீடு கட்டினாள். அந்த வீட்டில்தான் என் மகள் தன் பெண் குழந்தையோடு இருக்கிறாள். மருமகன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது அத்தைதான்.

வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் என் மகளைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறாளே, அது போதும் என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வக்கீல் சிரித்தார். "நாமினிங்கிறவரு காச வாங்கி வச்சுக்கிற ஆளு சார். சொந்தக்காரர் ஆயிற மாட்டாரு. வீட்டுக்கு நாமினியே கிடையாது" என்றார். அதற்கு முந்தைய வாரம்தான் செய்தித்தாளிலும் வந்திருந்தது. பெண்கள், முக்கியமாகக் கணவனும் பிள்ளைகளும் இல்லாதவர்கள், உயில் எழுதி வைத்துவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டிருந்தது. காரணத்தை வக்கீல் சொன்னார். உயில் இல்லாமல் தங்கை போய்விட்டால், அவளே சம்பாதித்துக் கட்டிய அந்த வீடு கணவர் வழி வாரிசுக்குப் போகும். கூடப் பிறந்த எனக்கோ என் மகளுக்கோ ஒரு செங்கல்கூட வராது.

கணவர் வழியில் இப்போது இருப்பது ஒரே ஒருவர். கணவருடைய அண்ணன் மகன். கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், ஜீப்புக்கு மாதத் தவணை.

அந்த மனிதர்தான் அன்றைக்குப் பதிவு அலுவலக வாசலில் புங்க மரத்தடியில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் எப்படி வெளியே போனது? உயிலை ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில்தான் டைப் அடித்தோம். அது அங்கேயே திறந்து கிடந்திருக்குமோ? நம்முடைய விவரங்களை நம்மைக் கேட்காமல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று புதுச் சட்டமெல்லாம் வந்திருக்கிறது. அதை ஜெராக்ஸ் கடையில் யார் போய்ச் சொல்வது? தங்கையை ஆட்டோ மறைவிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

"என்னப்பா இங்கன?"

"ஒரு சோலியா வந்தேன் மாமா."

"என்ன சோலி?"

"சித்தி வரட்டும்."

அதற்குள் தங்கையே மெதுவாக நடந்து வந்துவிட்டாள். "வந்துட்டியா? சாப்பிட்டியாடா?" என்றாள். "கம்பத்துல ரெண்டு இட்லி தின்னேன் சித்தி" என்றார் அவர். திங்கட்கிழமையே இவள் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். வீடு என் மகளுக்குப் போவதால், அவளுடைய தகப்பனான நான் சாட்சியாக நிற்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பத்திர எழுத்தரின் உதவியாளர் ஒருவர் என்று நான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

"ரெண்டாவது சாட்சிக்கு அந்த ஆளு வேண்டாண்ணே. இவன் போடட்டும்" என்றாள் தங்கை.

அவளைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னேன். "ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? யாருக்குப் பயந்துக்கிட்டு எழுதறமோ அவனையே சாட்சியா வைக்கச் சொல்ற?"

"பயந்தது நீதேன். நானில்ல."

"நாளைக்குக் கோர்ட்டுல போயி மாத்திச் சொன்னான்னா?"

"அண்ணே, நான் செத்தா எனக்குக் கொள்ளி வைக்கப் போறது யாரு? அவந்தேன? கொள்ளி வைக்கிறவனுக்குத் தெரியாம வீட்ட ஒளிச்சு எழுதினா, அவன் திருடன்னு நானே எழுதி வச்ச மாதிரி ஆயிரும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளையில்லாத பெண்ணுக்குப் புருஷன் வீட்டு ஆண்பிள்ளைதான் கொள்ளி வைப்பான். கொள்ளி வைத்தவனுக்குத்தான் சொத்து என்பது ஊரில் எல்லாரும் மனதில் வைத்திருக்கிற கணக்கு. அவள் சொன்னபடியே விட்டுவிட்டேன். பயம் மட்டும் அடங்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். என்னைப் பார்த்து, "சொந்தக்காரங்க வெளியே நில்லுங்க ஐயா" என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் தாழ்வாரத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நகரவில்லை.

யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று தங்கையிடம் கேட்டார். "எங்க அண்ணன் நச்சரிச்சாரு. ஆனா எழுதினது நாந்தேன்" என்றாள். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து சாட்சிகள். ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். பிறகு இவருடைய முறை.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க சித்தி மேடம். சித்தப்பா இல்ல. அவுக வழியில நான் ஒருத்தந்தேன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ இந்த உயில் இல்லேன்னா வீடு உங்களுக்குத்தானே வரும்?"

"ஆமா மேடம்."

"பின்னாடி தகராறு வந்தா, இவங்க நல்ல நினைவோட என் கண் முன்னாடி கையெழுத்துப் போட்டாங்கன்னு கோர்ட்ல நீங்கதான் சாட்சி சொல்லணும். புரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?"

"சித்தி போன்லயே எல்லாஞ் சொல்லிட்டாக. சொல்றேன் மேடம்."

அவ்வளவுதான். சட்டைக் கையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் ஈரம் படாமல், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். இந்த உயிலை உடைக்கக் காரணம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அந்த உயிலைக் காப்பாற்றுகிற ஆளாக அவரே எழுந்து நிற்கிறார். எத்தனையோ சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்திருக்கிறேன். இப்படி ஒரு கையெழுத்தை நான் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தபோது உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "வீட்ல ஒண்ணும் சொல்லலையாப்பா?"

"சொல்லாம இருப்பாகளா? ரெண்டு நாளாச் சோத்த நானேதேன் போட்டுத் திங்கிறேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "சித்தி என்னையக் கேட்டாகல்ல மாமா. கேக்காமயே எழுதியிருக்கலாம். எனக்குத் தெரியவா போகுது? ஆனா கேட்டாக."

செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறாம் நாள் என் தங்கை போய்விட்டாள்.

அவர்தான் கொள்ளி வைத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அவருடைய ஊர்க்காரர் ஒருவர், நான் பின்னால் வருவதைப் பார்க்காமல், "ஏலே, கொள்ளி வச்சவன் நீ. வீட்ட விட்றாத. கேஸப் போடு" என்றார். இந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் கொள்ளி வச்சது சித்திக்கு. அவுக வீட்டுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பொங்கல் கழிந்து பட்டாவை என் மகள் பெயருக்கு மாற்றத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். கணவர் வழி வாரிசே நேரில் வந்து தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் வந்த முதல் நாள் அதிகாரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் வந்தார். அன்றைக்கு ஜீப் பட்டறையில் கிடந்ததால் பஸ்ஸில் வந்திருந்தார். எழுதிக் கொடுத்துவிட்டு, என் பேத்தியின் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு வந்தவர் ஆயிற்றே என்று, ஐயாயிரம் ரூபாயை உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் உறையைப் பிரித்தார். அதில் நூறு ரூபாய்த் தாள் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். "பஸ்ஸுக்கு மட்டும் சில்லறையாக் குடுங்க மாமா, போதும்" என்று உறையை என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். நூறு ரூபாய் கொடுத்தேன்; அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எதையும் வாங்கமாட்டேன் என்று மறுத்திருந்தால் நான் கூசிப் போயிருப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. உரிமை என்று சட்டம் கையில் கொடுப்பதை ஒரு மனிதரால் இத்தனை சத்தமில்லாமல் கீழே வைத்துவிட முடியும் என்பதை எழுபத்திரண்டு வயதில் கண்ணால் கண்டேன். அதற்கு எனக்கு ஆன செலவு, கூடலூருக்குப் போகவர பஸ் கட்டணம், நூறு ரூபாய்.