வாசற்படியில் செவலை

செவலையைக் கொண்டுவந்த அன்று அம்மாக்கண்ணு செய்த முதல் காரியத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பொன்னாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சந்தையில் வாங்கிய கோழி வழிதவறிப் போகாமலிருக்க உரலைச் சுற்றிக் காட்டுவார்களே, அதே மாதிரி நாயைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள்.

“ஏண்டி, அது நாயா கோழியா?”

“எதுவா இருந்தா என்ன, வூடு ஒண்ணுதானே!”

குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமம். எண்பத்து மூன்றாம் வருஷம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு அம்மாக்கண்ணுதான் சமையல். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. ஒரே மகளையும் வரதராஜன்பேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தவள். மகளைப் பார்க்கப் போன இடத்தில் நாதியற்றுத் திரிந்த நாயை வெங்காயச் சாக்கில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, பஸ் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

உரல் காலை வாரிவிட்டது. கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், நாய் ஓட்டம் பிடித்தது. ஊரெல்லாம் தேடிவிட்டுப் பார்த்தால், இறங்கிய பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து, வருகிற பஸ்ஸையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் அம்மாக்கண்ணுவும் அப்படித்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள். நாயை இழுக்கவில்லை, அதட்டவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பஸ் போன பிறகு அதுவாக எழுந்து அவள் பின்னால் வந்தது.

அதற்கப்புறம் பாடம் ஆரம்பமாயிற்று. கருவாட்டுத் துண்டைக் காட்டிக் காட்டி ‘உக்காரு’வை நாலு நாளில் படித்துவிட்டது. ‘வா’வுக்கு வாத்தியாரே வேண்டாம்; சட்டி விளிம்பில் கரண்டியால் ரெண்டு தட்டுத் தட்டினால் எங்கிருந்தாலும் பறந்து வரும். ‘இரு’தான் மண்டையில் ஏறவில்லை. அவள் நாலடி நகர்ந்தால் அதுவும் நாலடி நகரும். கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்து நிற்கும்.

ஹெட்மாஸ்டர் சிவசுப்பிரமணியன் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். “புள்ளைங்க சாப்புடுற எடம்மா இது. வெள்ளிக்கிழமை யூனியன் ஆபீஸ்லேருந்து வராங்க. அன்னைக்கு நாய் உள்ள வந்துச்சுன்னா, நாயைக் கொண்டுபோய் எங்கயாவது வுட்டுடணும். இல்லாட்டி வேலைய வுட்டுடணும்.”

மிச்சமிருந்த நாட்களில் அவள் ‘இரு’ சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, பத்தடி, இருபதடி என்று தள்ளித் தள்ளிப் போய்ப் பழக்கினாள்.

வெள்ளிக்கிழமை செவலை மரத்தடியை விட்டு அசையவில்லை. ஆபீசர் வந்தார், சாம்பாரை ருசி பார்த்தார், தலையாட்டினார். அம்மாக்கண்ணுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சோறு தயார் என்று பிள்ளைகளைக் கூப்பிட, வீட்டில் செய்கிற மாதிரியே அண்டா விளிம்பில் கரண்டியால் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

தட்டிய பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்பது உறைத்தது. பிள்ளைகளுக்கு முன்னால் செவலை வந்துகொண்டிருந்தது, வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி.

“செவலை, இரு!”

சத்துணவுக் கூடத்து வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் புழுதி பறக்க நின்றது. அப்படியே உட்கார்ந்தது.

“யாரு நாய் இது?” என்றார் ஆபீசர்.

தெருநாய் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்கு நாக்கு வரவில்லை. “என்னுதுங்க சார். அதுமேல தப்பு இல்லீங்க. வூட்ல கரண்டியத் தட்டித்தான் சோத்துக்குக் கூப்புடுவேன். இங்கயும் கைப்பழக்கத்துல தட்டிப்புட்டேன்.”

ஆபீசர் படியைப் பார்த்தார். “உள்ள வரலியே” என்றார். அடுத்த அண்டாவுக்கு நகர்ந்தார்.

ஜீப் போன பிறகு அவள் ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றாள். “சார், நான் வேலைக்கு வரலாங்களா?”

“நாய் உள்ள வந்துச்சா?”

“இல்லீங்க.”

“அப்பறம் என்ன? போயி பாத்திரத்தக் கழுவு.”

கழுவ வேண்டிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டு, கைகழுவி, வகுப்புக்கும் போய்விட்டார்கள். உச்சி வெயிலில், வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால், எச்சில் ஒழுக, செவலை இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதனிடம் எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.

“அடி பாவி, மறந்துட்டனே!” அண்டாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.